பழஞ்சீனப் போர்நூல்கள் உணர்த்தும் தலைமை



போரைப் பற்றிய நூல் என்றதும், கொல்வதற்கும் வெல்வதற்கும் வழி சொல்லும் நூல் என்றே பெரும்பாலோர் எண்ணுவர். பழஞ்சீனத்துப் போர்நூல்களைப் பற்றி உலகில் நிலவும் எண்ணமும் இத்தகையதே. இற்றை நாளில் வணிகர் தம் போட்டியாளரை வீழ்த்துதற்கும், அரசியலார் தம் மாற்றாரைக் கவிழ்த்தற்கும் அந்நூல்களைப் புரட்டுகின்றனர். தமக்கு வேண்டிய ஓரிரு கூற்றுகளை உருவியெடுத்துக்கொண்டு, பகைவனை ஏமாற்றுவதே அவற்றின் உயிர்க்கருத்து என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

அவற்றை முழுமையாகப் படித்தவர் அவ்வாறு கூறார். அந்நூல்களில் பகைவனைப் பற்றிய கூற்றுகளைவிடத் தலைவனைப் பற்றிய கூற்றுகளே கூர்மையானவை. பகைவன் ஒரு படைக்குச் செய்யும் கேட்டைவிட, தகுதியில்லாத் தலைவன் தன் படைக்குத் தானே செய்யும் கேடு பெரிது என்பதை அவை மீண்டும் மீண்டும் வலியுறுத்துகின்றன. தலைவன் எனப்படுவான் யார்? அவன் தகுதியை அளப்பது எங்ஙனம்? அவன் தவறினால் அதற்கு விலை கொடுப்போர் யாவர்? இம் மூன்று வினாக்களுக்கும் பழஞ்சீனர் கண்ட விடைகளே இப் பொழிவின் பொருள்.

நூல்கள் தோன்றிய காலம்

கி.மு. 5ஆம் நூற்றாண்டு முதல் கி.மு. 221 வரை சீனம் ஒரே நாடாக இருந்ததில்லை. சின், சீ, வெய், சாவோ முதலான ஏழு பெருநாடுகள் ஒன்றையொன்று விழுங்க முனைந்து நின்றன. அதற்கு முற்பட்ட காலத்தில் போர் என்பது உயர்குடியினர் தேரேறிச் சென்று ஓரிரு நாளில் முடித்துக்கொள்ளும் வினையாக இருந்தது. பிற்காலத்தில் அந்நிலை மாறிற்று. ஏர் பிடித்த உழவரே வேலும் விற்பொறியும் ஏந்திய காலாட்படையாயினர். படைகள் பதினாயிரக் கணக்கிற் பெருகின. முற்றுகைகள் மாதக் கணக்கில் நீண்டன. ஒரு தோல்வியால் ஒரு நாடே அழியக்கூடிய நிலை வந்துற்றது.

அந்நிலையில், இன்ன குடியிற் பிறந்தான் என்பதற்காக ஒருவனிடம் படையை ஒப்படைத்தல் இயலாதாயிற்று. படைத்தலைமை பிறப்பால் வருவதன்று, கற்றும் பழகியும் பெறவேண்டிய ஆற்றல் என்னும் கருத்து அங்குதான் வேரூன்றியது. அக் கருத்தின் விளைவே போர்நூல்கள்.

அவற்றுள் தலையாயது சன் சு என்பார் பெயரால் வழங்கும் நூல். 13 இயல்களும் ஏறத்தாழ 6,000 எழுத்துகளும் கொண்ட சிறு நூல் அது. அவருடைய இயற்பெயர் சன் வூ என்றும், சீ நாட்டிற் பிறந்து வூ நாட்டிற்குச் சென்று, கி.மு. 514 முதல் 496 வரை ஆண்ட ஏலூ வேந்தனிடம் படைத்தலைவராக இருந்தார் என்றும் சீன வரலாற்றாசிரியர் சிமா சியன் எழுதிவைத்தார். ஆயின் அவர் எழுதியது கி.மு. 100ஐ ஒட்டிய காலத்தில். சன் வூ வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்து நிகழ்ச்சிகளை விரித்துரைக்கும் பழைய ஆண்டுக்குறிப்பு உரையில் அவர் பெயரே இல்லை. எனவே அப்படியொருவர் வாழ்ந்தாரா என்று சீன அறிஞரே நெடுங்காலமாக ஐயுற்று வந்தனர்.

ஐயத்திற்கு மற்றொரு கரணியமும் இருந்தது. சன் வூவின் வழியில் வந்த சன் பின் என்பாரும் ஒரு போர்நூல் செய்தார் என்பது வரலாறு. அந்நூல் காணாமற் போயிருந்தமையால், இருவரும் ஒருவரே போலும் என்று கருதியோர் உளர். 1972ஆம் ஆண்டில் சாண்டோங் மாநிலத்து இலின்யி நகரில், இன்சுவேசான் என்னும் குன்றில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 5,000 மூங்கில் ஏடுகளும் ஏட்டுத் துண்டுகளும் கிடைத்தன. சன் சுவின் நூலும், அழிந்ததென்று எண்ணப்பட்ட சன் பின்னின் நூலும் ஒரே கல்லறையில் இருந்தன. இரண்டும் வெவ்வேறு நூல்கள் என்பது ஐயமின்றி விளங்கிற்று. சன் வூவே தம் கையால் 13 இயல்களையும் எழுதினாரா என்பதை அவ்வேடுகள் மெய்ப்பிக்கவில்லை. எனினும், 2,100 ஆண்டுகட்கு முன்பே அந்நூல் இன்றுள்ள வடிவை ஒட்டி வழங்கியது என்பதை அவை நிலைநாட்டின.

கி.பி. 1080இல் சீனப் பேரரசன் ஒருவன் ஆணையால் ஏழு போர்நூல்கள் ஒன்றாகத் தொகுக்கப்பெற்றுப் படைத்தலைவர் பயிலும் பாடநூல்களாயின. 1772இல் பாரிசு நகரில் சன் சுவின் நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. மேலை உலகம் அதனை அறியத் தொடங்கியது அப்போதுதான்.

தலைவனுக்கு வேண்டிய ஐந்தும் ஆகாத ஐந்தும்

போருக்குப் புறப்படுமுன் ஐந்தினை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது சன் சுவின் முதற்பாடம். மக்கள் அரசோடு ஒருமனப்பட்டிருக்கின்றனரா என்பது அவற்றுள் முதலாவது. காலம், நிலம், தலைவன், ஒழுங்கமைப்பு என்பன ஏனைய நான்கு. மக்கள் ஒருமைப்பாடு தலைமையில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. மக்கள் விரும்பாத போரை எத்துணைச் சிறந்த தலைவனாலும் வெல்லவியலாது என்பது அவ் வரிசைமுறையிலேயே அடங்கியுள்ளது.

தலைவனுக்குரிய பண்புகளாக அறிவு, வாய்மை, அருள், துணிவு, கண்டிப்பு ஆகிய ஐந்தினை அந்நூல் கூறுகின்றது. இவற்றுள் ஒன்று மிக்கு மற்றொன்று குறைந்தால், மிக்கதே குற்றமாக மாறும். அதனாற்றான் தலைவனை அழிக்கும் ஐந்து குறைகளையும் அதே நூல் பிறிதோர் இயலில் அடுக்குகின்றது. சாவுக்குச் சற்றும் அஞ்சாதவனைப் பகைவர் எளிதிற் கொல்லலாம். உயிர்மேல் அளவிறந்த பற்றுடையவனைச் சிறைபிடிக்கலாம். சினம் மிக்கவனை இழித்துரைத்தே சிக்கவைக்கலாம். தன் தூய்மையில் செருக்குடையவனை மானத்தைத் தொட்டு மயக்கலாம். மக்கள்மேல் எல்லையற்ற இரக்கம் உடையவனை அவ் விரக்கத்தாலேயே அலைக்கழிக்கலாம்.

இப் பட்டியலில் உள்ளவற்றுள் பல தீய பண்புகள் அல்ல. துணிவும் மானமும் இரக்கமும் எந்நாட்டாரும் போற்றுவன. தலைவனுடைய நல்ல பண்பே பகைவன் பிடித்திழுக்கும் கயிறாகக்கூடும் என்று எச்சரிப்பதில்தான் நூலின் நுட்பம் இருக்கின்றது. தன் வலிமை எது என்று மட்டும் அறிந்தவன் பாதி அறிந்தவன். அவ் வலிமை எவ்விடத்தில் நொய்ம்மையாகும் என்றும் அறிந்தவனே தன்னை முழுதும் அறிந்தவன்.

படை தோற்பதற்கு ஆறு வழிகளை மற்றோர் இயல் எடுத்துரைக்கின்றது. படை சிதறியோடுதல், கட்டுக்கு அடங்காமை, ஒழுங்கு குலைதல் போன்ற அவ் ஆறும் வானத்தின் செயல் அல்ல, தலைவனின் தவறே என்று அது வரையறுக்கின்றது. பகைவன் நிலையை முன்னறிவதற்கும் அதே முறைதான். தெய்வங்களை வினவியோ, குறி பார்த்தோ அதனை அறிதல் இயலாது. நேரில் அறிந்த மாந்தரிடமிருந்தே அறிதல் வேண்டும் என்பது ஒற்றர் இயலின் முடிபு. நாளும் கோளும் பார்த்துப் போர் தொடங்கிய காலத்தில் எழுந்த கருத்து இது. ஊழின்மேற் பழி போட்டு ஒதுங்கும் வாயிலை அந்நூல் தலைவனுக்கு அடைத்துவிடுகின்றது.

போரின் விலை

போர் கற்பிக்கும் அந்நூல் போரை விரைந்து நாடவில்லை. போரிடாமலே பகைவனைப் பணியவைத்தல் தலை; அவன் சூழ்ச்சியையும் கூட்டுறவையும் முறித்தல் அதனை ஒட்டியது; அரண்சூழ்ந்த நகரை முற்றுகையிடுதல் கடை என்பது அதன் தரவரிசை. இதற்குக் கரணியம் அருள் மட்டுமன்று, கணக்கும்தான். 1,00,000 பேர் கொண்ட படையை நெடுந்தொலைவு நடத்துவதற்கு நாளொன்றுக்கு ஆயிரம் பொன் செலவாகும் என்று அது கணக்கிடுகின்றது. அப்படைக்குச் சுமை சுமந்தும் உணவு கொடுத்தும் 7,00,000 குடும்பங்கள் தம் உழவை இழக்கும் என்றும் அது கூறுகின்றது. ஒரு மறவன் களத்தில் நிற்க, ஏழு வீடுகள் வறுமையுறுகின்றன.

ஆதலின், அரசன் சினத்தால் படையெழுப்பலாகாது. தலைவன் மனக்கசப்பால் போர்தொடுக்கலாகாது. சினம் தணிந்து மகிழ்ச்சியாகலாம். ஆனால் அழிந்த நாடு மீள்வதில்லை, மாண்டவர் எழுவதில்லை. புகழை நாடி முன்னேறாதவனும், பழிக்கு அஞ்சிப் பின்வாங்கத் தயங்காதவனும், மக்களைக் காத்தலையே குறிக்கோளாக உடையவனும் ஆகிய தலைவனை நாட்டின் அரும்பொருளாக அந்நூல் போற்றுகின்றது. பின்வாங்குதலில் வெளிப்படும் துணிவை இவ்வளவு வெளிப்படையாகப் பாராட்டிய போர்நூல்கள் உலகிற் சிலவே.

ஏலூ வேந்தனின் ஆய்வு

சன் வூவைப் பற்றிச் சிமா சியன் எழுதிய நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. அவருடைய நூலைப் படித்த ஏலூ வேந்தன், அரண்மனைப் பெண்டிரைக் கொண்டு படைப்பயிற்சி நடத்திக் காட்டமுடியுமா என்று வினவினான். 180 பெண்டிர் வந்தனர். சன் வூ அவர்களை இரு அணியாகப் பிரித்து, வேந்தன் விரும்பிய மகளிர் இருவரை அணித்தலைவியராக்கினார். இடம், வலம், முன், பின் என்பவற்றை விளக்கினார். முரசு அதிர்ந்ததும் பெண்டிர் நகைத்தனர். ஆணை விளங்காதிருப்பின் அது தலைவன் குற்றம் என்று கூறி, அவர் மீண்டும் விளக்கினார். மறுபடியும் நகைத்தனர். ஆணை விளங்கிய பின்னும் நிறைவேறாவிடின் அது அணித்தலைவர் குற்றம் என்று கூறி, அவ்விருவரையும் வெட்ட ஆணையிட்டார். வேந்தன் அலறித் தடுத்தும், களத்தில் நிற்கும் படைத்தலைவன் அரசனின் சில ஆணைகளை ஏற்கவியலாது என்று மறுத்துவிட்டார். பிறகு பெண்டிர் பிழையின்றி அணிவகுத்தனர்.

இந்நிகழ்ச்சியைத் தலைமைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் வியந்து கூறுவர். அவ் வியப்பை அப்படியே ஏற்பதற்கில்லை. படைக்கு வர விரும்பாத பெண்டிர் இருவர், ஒரு வேந்தனின் விளையாட்டுக்காகவும் ஒரு தலைவனின் பெயருக்காகவும் உயிரிழந்தனர். அஃது அறமன்று. அது மட்டுமன்று, தன்பால் பற்றுக் கொள்ளுமுன் படைமறவரை ஒறுத்தால் அவர் உள்ளத்தால் பணியார் என்று சன் சுவின் நூலே கூறுகின்றது. அந் நூற்கருத்துக்கு இக் கதை மாறானது. நூலின் ஆழம் அறியாத பிற்காலத்தார் கட்டியதாகவும் இது இருக்கலாம்.

எனினும் அதனுள் ஒரு மணி கிடக்கின்றது. ஆணை நிறைவேறாதபோது தலைவன் முதலில் வினவ வேண்டியது தன்னையே. தான் சொன்னது தெளிவாக இருந்ததா என்று ஆராயாமல் பிறரைக் குற்றஞ்சாட்டும் உரிமை அவனுக்கு இல்லை. கதையின் இம் முற்பாதியை மறந்து பிற்பாதியை மட்டும் கைக்கொண்ட தலைவர்களால் உலகம் பட்ட துன்பம் கொஞ்சமன்று.

அழுத தாய்

வூ சீ என்பார் மற்றொரு படைத்தலைவர். அவர் பெயராலும் ஆறு இயல்கள் கொண்ட போர்நூல் வழங்குகின்றது. வெய் நாட்டுப் படைக்குத் தலைமை தாங்கிய காலத்தில், கடைநிலை மறவன் உண்டதையே அவரும் உண்டார். அவன் உடுத்ததையே உடுத்தார். பாய் விரித்துப் படுக்கவில்லை. செலவில் குதிரை ஏறவில்லை. தம் உணவு மூட்டையைத் தாமே சுமந்தார். இளைய மறவன் ஒருவன் கட்டியால் துன்புற்றபோது, அதன் சீழைத் தம் வாயால் உறிஞ்சி எடுத்தார்.

அச் செய்தி கேட்டு அம் மறவனின் தாய் கதறி அழுதாள். படைத்தலைவரே உன் மகனுக்கு இவ்வளவு செய்திருக்க, அழுவது ஏன் என்று அருகிருந்தோர் வினவினர். முன்பு இவன் தந்தையின் புண்ணையும் அவர் இவ்வாறே உறிஞ்சினார் என்றும், அந் நன்றிக்காக அவன் பின்வாங்காது பொருது மடிந்தான் என்றும், இனி இவனும் எங்கு மடிவானோ என்றும் அத்தாய் கூறினாளாம்.

வூ சீயின் செயல் பெருந்தகைமையா, சூழ்ச்சியா? தலைமைப் பதவி பெறுவதற்காகத் தம் மனைவியையே கொன்றவர் அவர் என்றும் சிமா சியன் எழுதுகின்றார். பகைநாட்டிற் பிறந்தவள் என்பதால் தம்மை ஐயுறுவர் என்று அஞ்சி அவர் அதனைச் செய்தாராம். அத்தகையவரின் கனிவு எவ்வகைத்து என்பதை அத்தாய் உணர்ந்திருந்தாள். தலைவன் காட்டும் அன்பு, பெறுவோன் வாழ்தற்பொருட்டா, தலைவன் வெல்லுதற்பொருட்டா? மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வேறுபாட்டை அறிபவர், விலை கொடுப்பவரே.

ஆயினும், வூ சீ தம் அரசனிடம் உண்மை பேச அஞ்சியவரல்லர். அரசாய்வில் தனக்கு நிகராக ஓர் அமைச்சனும் கருத்துரைக்கவில்லை என்று வெய் நாட்டு அரசன் மகிழ்ந்து திரும்பியபோது, சூ நாட்டு வேந்தன் ஒருவனை அவர் நினைவூட்டினார். அவ் வேந்தன் இத்தகைய நிலையில் மகிழவில்லை. தன்னைவிட அறிவுடையார் அவையில் இல்லையெனின் நாடு என்னாகும் என்று கவன்றான். அவன் கவன்றதற்கு இவர் மகிழ்வதைக் கண்டு அஞ்சுவதாக வூ சீ கூற, அரசன் நாணினான்.

மற்றொரு நாள் இருவரும் ஆற்றில் படகிற் சென்றனர். இரு மருங்கும் மலையரண் ஓங்கி நிற்பதைக் கண்டு, இதுவே நாட்டின் செல்வம் என்று அரசன் பெருமிதங்கொண்டான். நாட்டின் காப்பு மலையில் இல்லை, ஆள்வோன் அறத்தில் உள்ளது என்றார் வூ சீ. மலையும் ஆறும் சூழ வாழ்ந்தும் கொடுங்கோலால் அழிந்த பழைய அரசுகளை எடுத்துக் காட்டினார். அரசன் அறந்திறம்பினால் இப் படகில் இருப்போரே பகைவராவர் என்றும் எச்சரித்தார். பின்னாளில் அவர் சூ நாட்டிற்குச் சென்று, அங்கு உயர்குடியினரின் உரிமைகளைக் குறைத்து நாட்டை வலுப்படுத்தினார். கி.மு. 381இல் அவருக்குத் துணைநின்ற வேந்தன் இறந்த அன்றே அவ் உயர்குடியினர் அவரை எய்து கொன்றனர்.

தடுத்த தாய்

சீன வரலாற்றில் தகுதியற்ற தலைமைக்குச் சான்றாக நிற்கும் பெயர் சாவோ குவோ. அவன் தந்தை சாவோ சே, வலிமை மிக்க சின் நாட்டுப் படையை ஒருமுறை முறியடித்துப் புகழ்பெற்ற சாவோ நாட்டுத் தலைவர். மகன் இளமையிலேயே போர்நூல்களை ஐயந்திரிபறக் கற்றான். சொற்போரில் அவனைத் தந்தையாலும் வெல்லமுடியவில்லை. எனினும் தந்தை அவனைப் பாராட்டவில்லை. போர் என்பது சாவு நிகழும் இடம். அதனை இவன் எளிதாகப் பேசுகின்றான். இவனைத் தலைவனாக்கினால் சாவோ நாட்டுப் படையை அழிப்பவன் இவனே என்று மனைவியிடம் கூறிவைத்தார்.

கி.மு. 260ஐ ஒட்டிச் சாங்பிங் என்னுமிடத்தில் சின் படையும் சாவோ படையும் எதிரெதிரே நின்றன. சாவோ படையின் முதுதலைவர் இலியன் போ, அரணை விட்டு வெளிவராமல் பகைவரைக் களைப்புறச் செய்துகொண்டிருந்தார். சின் நாட்டார் ஒற்றரை ஏவி, தாங்கள் அஞ்சுவது சாவோ குவோ ஒருவனுக்கே என்று வதந்தி பரப்பினர். பொறுமையிழந்திருந்த சாவோ வேந்தன் அதனை நம்பி, இலியன் போவை நீக்கிக் குவோவை அமர்த்தினான். யாழின் ஆணிகளைப் பசையிட்டு ஒட்டிவிட்டு நரம்பைக் கூட்ட முயல்வது போன்றது இது என்று முதிய அமைச்சர் இலின் சியாங்ரு தடுத்தார். நூலில் எழுதியதை மட்டும் அறிந்தவன், மாறும் நிலைமைக்கேற்ப மாறத் தெரியாதவன் என்பது அதன் பொருள். வேந்தன் கேட்கவில்லை.

அப்போது குவோவின் தாய் வேந்தனுக்கு ஓலை எழுதினாள். மகனைத் தலைவனாக்க வேண்டா என்று மன்றாடினாள். வேந்தன் கரணியம் வினவ, அவள் கூறிய விடை தலைமைக்கு உரைகல்லாக விளங்குவது. தந்தை தலைவராக இருந்தபோது, அவர் தம் கையால் உணவு பரிமாறியோர் பதின்மர் பதின்மராகவும், நண்பராகக் கொண்டோர் நூற்றுவர் நூற்றுவராகவும் இருந்தனர். அரசர் அளித்த பரிசு அனைத்தையும் படையினர்க்கே பகிர்ந்தளித்தார். ஆணை பெற்ற நாள்முதல் வீட்டுச் செய்தி எதனையும் வினவவில்லை. மகனோ, தலைவனான அன்றே கிழக்கு நோக்கிய உயர் இருக்கையில் அமர்ந்தான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எவரும் துணியவில்லை. அரசர் அளித்த பொன்னையும் பட்டையும் வீட்டில் பூட்டி வைத்தான். விலைக்கு வரும் நிலமும் வீடும் எங்குள்ளன என்று நாள்தோறும் தேடினான். இருவர் உள்ளமும் வேறு. ஆதலின் அனுப்ப வேண்டா என்றாள். வேந்தன் இணங்காமை கண்டு, மகன் தவறினால் தன்னை அதற்காக ஒறுத்தலாகாது என்னும் உறுதியை மட்டும் பெற்றுக்கொண்டாள்.

போர்நூல் ஒன்றும் கல்லாத அப் பெண், படைவகுப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவள் பார்த்தவை மூன்றே: தன்கீழ் உள்ளாரை எவ்வாறு நடத்துகின்றான், கைக்கு வந்த பொருளை என்ன செய்கின்றான், அவன் எண்ணம் வினைமேல் உள்ளதா, வீட்டின்மேல் உள்ளதா? அவை போதுமாயிருந்தன.

குவோ களம் புகுந்ததும் இலியன் போவின் ஒழுங்குகளை மாற்றினான், துணைத்தலைவர்களை நீக்கினான். சின் நாட்டார் தம் பெருந்தலைவன் பை சீயைக் கமுக்கமாக அனுப்பிவைத்தனர். அவன் தோற்றோடுவதுபோற் காட்ட, குவோ துரத்திச் சென்று சூழப்பட்டான். உணவு வரும் வழி அடைபட்டது. 46 நாள் பட்டினி கிடந்த படையினர் ஒருவரை ஒருவர் கொன்று தின்னும் நிலையெய்தினர் என்று வரலாறு கூறுகின்றது. குவோ அம்பேறுண்டு மாண்டான். சரணடைந்த 4,00,000 பேரைப் பை சீ கொன்று புதைத்தான் என்றும், இளையோர் 240 பேரை மட்டும் ஊர்திரும்ப விட்டான் என்றும் சிமா சியன் எழுதுகின்றார். அவ் வெண்ணிக்கையை மிகையெனக் கருதும் அறிஞர் உளர். ஆயினும் பெருங்கொலை நிகழ்ந்தது மெய். 1995இல் சான்சி மாநிலத்துக் காவோபிங் பகுதியில் அக் கொலைக்களத்துப் புதைகுழிகளிலிருந்து எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பெற்றன. அவை தம் தலைவனைத் தாமே தேர்ந்துகொள்ளாத உழவர் மக்களின் எலும்புகள். குவோவின் தாய் மட்டும், முன்பு பெற்ற உறுதியால் ஒறுப்பின்றித் தப்பினாள்.

நூலைக் கற்றலும் நூலுக்கு அடிமையாதலும்

இதிலிருந்து நூற்கல்வி பயனற்றது என்று முடிவுகட்டுதல் தவறு. அதே நிலப்பகுதியில், 56 ஆண்டு கழித்து, கி.மு. 204இல் மற்றொரு போர் நிகழ்ந்தது. ஆன் அரசைச் சேர்ந்த ஆன்சின் என்னும் தலைவன், தன்னினும் மிக்க சாவோ படையைச் சிங்சிங் கணவாயில் எதிர்ப்பட்டான். தன் படையை ஆற்றைப் பின்னாகக் கொண்டு நிறுத்தினான். பகைவர் அதனைக் கண்டு நகைத்தனர். பின்வாங்க இடமின்மையால் அப் படையினர் உயிரைக் கொடுத்துப் பொருதனர். அதற்குள், முன்பே மறைந்திருந்த குதிரைப்படையினர் 2,000 பேர் பகைவரின் வெறும்பாசறையிற் புகுந்து தம் செங்கொடிகளை நட்டனர். சாவோ படை கலங்கிச் சிதறிற்று.

ஆற்றை முன்னாகக் கொள்க என்றல்லவா நூல் கூறுகின்றது என்று துணைத்தலைவர் வினவ, தான் செய்ததும் அந்நூலிலேயே உள்ளது, அவர்கள்தாம் கருதவில்லை என்றான் ஆன்சின். பயிற்சியற்ற, சந்தையிற் கூடிய கூட்டம் போன்ற படை தன்னது என்றும், தப்ப வழியிருந்தால் அவர்கள் ஓடியிருப்பர் என்றும் விளக்கினான். குவோவும் கற்றான், ஆன்சினும் கற்றான். முன்னவன் நூலை மட்டும் பார்த்தான். பின்னவன் தன் ஆட்களையும் பார்த்தான்.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் சிறந்தது. சாவோ படையில் நல்லறிவுரை கூறியும் கேட்கப்படாதுபோன அறிஞர் ஒருவர் கட்டுண்டு கொணரப்பட்டார். ஆன்சின் அவர் கட்டை அவிழ்த்து, கிழக்கு நோக்கிய உயர் இருக்கையில் அவரை அமர்த்தி, தான் எதிரே மாணவனைப் போல் அமர்ந்து, மேற்செயற்பாடு பற்றி அறிவுரை வேண்டினான். குவோ தலைவனான அன்றே தனக்கென்று பற்றிக்கொண்டதும் அதே கிழக்கு நோக்கிய இருக்கைதான். வென்றவன் அதனைத் தோற்றவர்க்குக் கொடுத்தான்.

ஆன்சினை ஏவிய இலியு பாங், கி.மு. 202இல் பேரரசனான பின், தன் வெற்றிக்குக் கரணியம் யாதென்று விருந்தொன்றில் வினவினான். திட்டமிடுதலில் சாங் இலியாங்கிற்கும், மக்களைப் புரந்து உணவு வழங்குதலில் சியாவோ ஏக்கும், படை நடத்துதலில் ஆன்சினுக்கும் தான் நிகரல்லன் என்று அவனே கூறினான். அம் மூவரையும் பயன்கொள்ளத் தெரிந்ததே தன் வெற்றி என்றான். தன்னோடு பொருத சியாங் யூ ஒப்பற்ற மறவனாயினும், தன்னிடமிருந்த ஒரே அறிஞரையும் பயன்கொள்ளவில்லை என்றான். சியாங் யூவைப் பற்றி ஆன்சின் முன்பே கூறியது ஒன்றுண்டு. நோயுற்ற மறவனைக் கண்டால் அவன் கண்ணீர் விடுவான். தன் உணவைப் பகிர்வான். ஆனால் தகுதியுடையார்க்குப் பதவி கொடுக்கும் வேளையில், அதற்குரிய முத்திரையைக் கொடுக்க மனமின்றி, அதன் விளிம்பு தேயுமளவும் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பான். கண்ணீர் எளிது, உரிமையைப் பகிர்தல் அரிது.

கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

பழையது என்பதற்காக அனைத்தையும் கொள்ளுதல் அறிவன்று. படைமறவரைக் குழந்தைகளைப் போற் காக்க வேண்டும் என்று கூறும் சன் சுவின் நூலே, அவர்களுக்குத் தலைவனின் திட்டம் தெரியலாகாது என்றும், ஆட்டு மந்தையைப்போல் ஓட்டிச்செல்ல வேண்டும் என்றும் பிறிதோரிடத்திற் கூறுகின்றது. களத்தில் கமுக்கம் வேண்டுவதே. ஆனால் அதனை நாட்டையாளும் நெறியாக்கிக் கொண்டால் மக்கள் மந்தையாவர்; தலைவனைத் தடுத்துக் கூறுவார் ஒருவரும் இரார். சாவோ படை அழிந்தது தடுப்பார் இன்மையால் அன்று. அமைச்சர் தடுத்தார், தாய் தடுத்தாள், கேட்பார் இல்லாமையாலேயே அழிந்தது.

அவையோரே, தொடக்கத்திற் கேட்ட மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டது. வெற்றியைப் பிறர்க்கும் பழியைத் தனக்கும் கொள்பவன் தலைவன். அவன் தகுதியை அவன் பேச்சில் தேடுதல் வீண். தன்கீழுள்ளாரை நடத்தும் முறையிலும், பொருளைக் கையாளும் முறையிலும், தன்னினும் அறிந்தார்க்கு இருக்கை தரும் முறையிலும் அதனை அளத்தல் வேண்டும். அவன் தவறினால் விலை கொடுப்போர், அவனைத் தேர்ந்த வேந்தரும் அல்லர். அவனைப் புகழ்ந்த அவையினரும் அல்லர். சாங்பிங் குழியில் கிடந்தவர்களே அதற்கு விடை. ஆதலால், ஒருவனைத் தலைவன் என்று ஏற்குமுன், அவனுடைய சொல்வன்மையில் மயங்காது, அத் தாய் பார்த்த மூன்றினையும் பார்த்துத் தெளிதல் அனைவர்க்கும் கடன். காலம் கடந்த பின் தெளிவதாற் பயனில்லை.